அந்த ஏழு நாட்கள்!

தலைப்பைப் பார்த்துவிட்டு பாக்யராஜ் படத்தைப் பற்றி ஏதோ எழுதப் போகிறேன் என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும். அது 1981-ல் வந்த படம். நான் சொல்லப் போவது எங்கள் வீட்டில் மாதாமாதம் ரிலீஸாகிற படம். ஹீரோயின் என் மனைவி. வில்லன் யார் என்பதில்தான் எனக்கு ரொம்ப நாளாகக் குழப்பம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. தட்டில் நாலு இட்லி, பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. நான் சொன்னது மொத்தமே மூன்று வார்த்தை.

"சட்னில உப்பு கம்மியோ?"

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த விநாடி பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். கல்யாணமாகி ஆறு வருஷம், அதில் நமக்கு நல்ல சர்வீஸ். அழுகைதான் சிலபஸிலேயே இல்லாத கேள்வி. "நல்லாத்தாம்மா இருக்கு... சும்மா கேட்டேன்..." என்று உளறினேன். கிண்ணத்தில் மிச்சமிருந்த சட்னியை வழித்து நக்கிக் காட்டினேன். எதுவும் எடுபடவில்லை. "நீங்க கிளம்புங்க, நேரமாச்சு" என்றாள். அவளும் ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டும். டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனாள்.

நாலாம் நாள் பழையபடி சிரித்தாள். "அன்னைக்கு எதுக்கு அழுதேன்னு எனக்கே தெரியலைங்க. உப்பு கம்மியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

ஆபீசில் பக்கத்து சீட்டு அண்ணனிடம் புலம்பினேன். அவருக்கு இல்லறத்தில் இருபத்திரண்டு வருஷ சீனியாரிட்டி. "தம்பி, மாசத்துல ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும். அந்த வாரம் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கணும். திண்டுக்கல்லுல பொறந்துட்டு பூட்டுக்கா பஞ்சம்?" என்றார்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த உபயோகத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரமே கொடுத்திருப்பார்கள்.

* * *

அது என்ன 'அந்த ஒரு வாரம்'? தேடிப் படித்தேன். பெயர் இருக்கிறது. ப்ரீமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம், சுருக்கமாக பி.எம்.எஸ். மாதவிலக்குக்கு முன்னால் வருகிற தொல்லைகள்.

1931-ல் ராபர்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்க டாக்டர் இதை 'மாதவிலக்குக்கு முந்தைய டென்ஷன்' என்று எழுதினார். 1953-ல் இங்கிலாந்தில் கேதரினா டால்டன், ரேமண்ட் கிரீன் என்ற இரண்டு டாக்டர்கள் இன்றைய பெயரை வைத்தார்கள். இந்த ரேமண்ட் கிரீன், நாவலாசிரியர் கிரஹாம் கிரீனுடைய அண்ணன். 1933-ல் எவரெஸ்ட் ஏறப் போன கோஷ்டிக்கு டாக்டராகப் போனவர். எவரெஸ்ட் பக்கம் போய் வந்தவருக்கே இந்த விஷயம் பிடிபட இருபது வருஷம் ஆகியிருக்கிறது என்றால், சட்னிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த நான் எம்மாத்திரம்!

1931-க்கு முன்னால் பெண்களுக்கு இது இல்லையா? இருந்தது. 'திமிர்' என்று பெயர்.

விஷயம் இதுதான். கருமுட்டை வெளியாகி, மாதவிலக்கு வரும் வரை சுமார் இரண்டு வாரம். அந்த நாட்களில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கிடுகிடுவென ஏறும். கரு தங்கவில்லை என்றால், கடைசியில் அதுவும் ஈஸ்ட்ரோஜெனும் சேர்ந்து சடாரென்று இறங்கும். ஒண்ணாந்தேதி நம்ம பர்ஸ், முப்பதாந்தேதி நம்ம பர்ஸ், அந்த மாதிரி. இந்த ஏற்ற இறக்கம் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. சிலருடைய மூளை அதைக் கண்டுகொள்ளாது. சிலருடைய மூளை ரொம்பக் கூர்மையாக எடுத்துக்கொள்ளும். மனசைச் சமநிலையில் வைக்கிற செரட்டோனின் அப்போது ஆட்டம் காணும்.

வயிறு உப்பும். மார்பு வலிக்கும். தலை கனக்கும். தூக்கம் வராது, இல்லையென்றால் தூக்கமாகவே வரும். எரிச்சல், அழுகை, எதையாவது தின்ன வேண்டும் என்ற ஆசை. மாதவிலக்கு வந்த ஓரிரு நாளில் சுவிட்சை அணைத்த மாதிரி எல்லாம் அடங்கிவிடும். அப்படி அடங்காமல் மாதம் முழுக்க இருந்தால் அது வேறு சமாசாரம். டாக்டரிடம் போக வேண்டும்.

* * *

இவ்வளவு படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? நானே வைத்தியனாகிவிட்டேன். 'ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பது பழமொழி. நம் ஆட்கள் அதை 'ஆயிரம் பேரை' ஆக்கிவிட்டார்கள். நான் வேரையே பார்த்ததில்லை, நேராகப் பேருக்கு வந்துவிட்டேன்.

ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய் நின்றேன். வரிசையில் ஆறேழு பேர்.

"என்ன வேணும்?"

"வீட்டுல... அவங்களுக்கு... மாசத்துல ஒரு வாரம்... கோவம்..."

"என்னது?"

"மாசாமாசம்..."

"சூதகப் பிரச்னையாண்ணே?" என்று கடைக்காரர் கேட்ட சத்தத்தில், ரோட்டில் போன டவுன் பஸ்ஸே ஸ்லோ ஆன மாதிரி எனக்குத் தோன்றியது. மூன்று டப்பாவிலிருந்து மூன்று பொடி எடுத்து, ஒன்றாகக் கலந்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "எல்லாத்துக்கும் கேக்கும். ராத்திரி வெந்நீர்ல குடிக்கச் சொல்லுங்க."

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் குறுக்கு விசாரணை ஆரம்பமானது.

"இதுல என்ன இருக்கு?"

"மூலிகை."

"என்ன மூலிகை?"

"பச்சையா இருக்கும்மா..."

"அப்ப முதல்ல நீங்க குடிங்க."

ஆண்மைக்கே சவால். ஒரே மடக்கில் குடித்தேன். ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் ஷட்டில் சர்வீஸ். பேதிக்குக் கொடுக்கிற நிலவாகை அதில் தாராளமாகக் கலந்திருக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

காலையில் மோரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவள், என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மருந்து வேலை செய்திருக்கிறது. ஆள்தான் மாறிவிட்டது.

* * *

சனிக்கிழமை இரண்டு பேருமாக அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. மனைவியிடம் பதினைந்து நிமிஷம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த வாரத்துல நீங்க என்ன செய்வீங்க?"

"வாயைப் பூட்டிக்குவேன் மேடம்."

"கையை?"

"கையா?"

"கையையும் பூட்டிக்குவீங்களா, இல்ல நாலு பாத்திரம் கழுவுவீங்களா?"

என் மனைவி ஜன்னல் வழியாக வேப்பமரத்தை ரசிக்க ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா உடனே மருந்து எழுதவில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருந்தாலும் இதே மாதிரி அசதி, எரிச்சல் வரும் என்றார். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. பாதி வீட்டில் 'எப்பப் பாரு சிடுசிடுப்பு' என்று நாம் சொல்வதில் இரும்புச்சத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

அடுத்து ஒரு நோட்டு. குறைந்தது இரண்டு மாதம், தினமும் ஒரு வரி. தூக்கம் எப்படி, வலி எங்கே, மனசு எப்படி, அன்றைக்கு என்ன நடந்தது. இரண்டு மாதத்து வரிகளை வரிசையாகப் பார்த்தால்தான் இது பி.எம்.எஸ்.ஸா, வேறா என்று தெரியுமாம். இதற்கென்று தனி டெஸ்ட் கிடையாது.

"சித்த மருத்துவத்துல இதுக்கு மருந்தே இல்லையா மேடம்?" என்றேன், ஏமாற்றத்தோடு.

"ஏன் இல்லாம? சதகுப்பை இருக்கு, தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கு, அசோகப்பட்டை இருக்கு. யாருக்கு வாதம், யாருக்குப் பித்தம்னு உடம்பைப் பார்த்துக் கொடுக்கணும். கர்ப்பமா இருக்காங்களா, வேற மாத்திரை சாப்பிடறாங்களான்னு கேக்கணும். பொட்டலம் கட்டி எல்லாருக்கும் ஒண்ணையே கொடுக்கக் கூடாது."

பொட்டலம் என்றதும் என் வயிறு ஒரு தடவை குலுங்கியது.

நான் விடவில்லை. ஐரோப்பாவில் நொச்சியை இதற்குக் கொடுக்கிறார்கள் என்று படித்திருந்தேன். "எங்க அப்பத்தா வீட்டு வேலி முழுக்க நொச்சிதான் மேடம். ஒரு வண்டி ஒடிச்சுட்டு வரவா?"

"அது வேற நொச்சி. உங்க அப்பத்தா வேலியில இருக்கறதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி முறை. அதுக்குப் பலன் இருக்குன்னா இதுக்கும் இருக்கணும்னு இல்ல. பெரியப்பா மகன் பேங்க் மேனேஜர்னா உங்களுக்கும் அந்தச் சம்பளம் கொடுப்பாங்களா?"

அந்த ஐரோப்பிய நொச்சியை வைத்து 2001-ல் ஜெர்மனி டாக்டர்கள் செய்த ஓர் ஆராய்ச்சி, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 170 பெண்கள். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 52 பேருக்குத் தொல்லை பாதியாவது குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு 24 பேருக்கு அதே அளவு குறைந்திருக்கிறது! ஒன்றுமில்லாத மாத்திரைக்கே இத்தனை பலம். ஒருத்தர் உட்கார வைத்து "உனக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டதற்கும் அதில் பங்கு இருக்கும் என்பது என் கட்சி. நம் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வர வேண்டியதில்லை.

* * *

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். நமக்குப் பிடித்த சப்ஜெக்ட்.

1998-ல் அமெரிக்காவில் 466 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்தார்கள். மூன்றாவது மாதவிலக்கு வருவதற்குள், தொல்லைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது நூற்றுக்கு 30 பங்குதான். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்க் கேப்பைக் கூழ் ஞாபகத்துக்கு வந்தது. 100 கிராம் கேப்பையில் 350 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் கால்சியம் இருக்கிறது. அத்தோடு பால், தயிர், எள்ளு. முருங்கைக்கீரை வேறு. ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கைக்காய் லாரி லாரியாக ஏறுகிறது. கீரையைத்தான் நாம் ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிறோம்.

அடுத்தது உளுந்தங்களி. வத்தலக்குண்டில் இருக்கிற அப்பத்தாவிடம் போனில் பக்குவம் கேட்டேன். கறுப்பு உளுந்தை வறுத்து, கொஞ்சம் பச்சரிசி சேர்த்து மாவாக்கி, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு இறக்க வேண்டும்.

"யாருக்குடா கேக்குற?"

"உன் பேத்திக்குத்தான் அப்பத்தா. இடுப்பு வலிங்கறா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நான் வயசுக்கு வந்தப்ப பதினாறு நாளு எங்காத்தா கிண்டிக் குடுத்துச்சு. அப்பறம் உங்கப்பன் பொறந்தப்ப குடுத்தாக. நடுவுல முப்பது முப்பத்தஞ்சு வருசம் மாசாமாசம் இடுப்பு ஒடிஞ்சுச்சு. ஒருத்தரும் கேக்கலப்பா" என்றது அப்பத்தா. "நீ கேக்குறியே, நல்லா இரு."

போனை வைத்த பிறகு களி கிண்டினேன். முதல் நாள் கிண்டிய களியை சுவரில் அடித்தால் திரும்பி வந்தது. இரண்டாம் மாதம் கரண்டி உள்ளே இறங்கியது. மூன்றாம் மாதம் மனைவி இன்னொரு உருண்டை கேட்டாள்.

உளுந்தங்களி ஹார்மோனைச் சரிபண்ணும் என்று நான் சொல்ல மாட்டேன். உளுந்தில் புரதம், இரும்பு, மெக்னீசியம் எல்லாம் இருக்கிறது. பசி அடங்குகிறது. பிஸ்கட், மிக்சர் பக்கம் கை போவது குறைகிறது. ஒரு ஆம்பிளை அடுப்படியில் நின்று வியர்க்க வியர்க்கக் கிண்டுகிற காட்சி வேறு இலவசம்.

பத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. உப்பைக் குறைக்க வேண்டும். வயிறு உப்புகிற வாரத்தில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் எல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை சாப்பிடலாம். ராத்திரிக் காப்பி வேண்டாம், தூக்கத்தைக் கெடுக்கும். நடுவில் பசித்தால் சிறுமலை வாழைப்பழம். அதுவும் புவிசார் குறியீடு வாங்கிய பார்ட்டி. வாழைப்பழத்தில் பி6 வைட்டமின் இருக்கிறது. இந்தத் தொல்லைக்கு பி6 கொஞ்சம் உதவும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதற்காகக் கடையில் மாத்திரையாக வாங்கி அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அளவு மீறினால் நரம்பு பாதிக்கும்.

"பிரியாணி?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். "திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு பிரியாணி சாப்பிடாதீங்கன்னு சொன்னா ஆஸ்பத்திரிக்கு யாரு வருவா? அளவா சாப்பிடுங்க. மறுநாள் நடங்க."

நடக்கிறோம். காலையில் ஒரு நாள் மலைக்கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். இடுப்பு வலிக்காரி விறுவிறுவென்று ஏறிவிட்டாள். நான் பாதி வழியில் உட்கார்ந்து ஊரின் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமாதானச் சுங்குடிச் சேலை எடுக்க சின்னாளபட்டிக்கு வண்டியில் போனோம். நம்முடையது டி.வி.எஸ். வண்டி. வழியில் காந்திகிராமம். அந்த டி.வி.எஸ்.ஸுக்கும் இந்த காந்திகிராமத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம் அம்மையார்தான், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். சின்ன வயதிலேயே முதல் கணவரை இழந்து, அதற்கப்புறம் டில்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தவர். கோடீஸ்வரர் மகள், இந்தக் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க வந்து உட்கார்ந்தார். சின்னதாக ஆரம்பித்த அந்த மருத்துவ வேலைதான் இன்றைய கஸ்தூர்பா ஆஸ்பத்திரி.

பின் சீட்டிலிருந்து மனைவி சொன்னாள்: "அந்தம்மா வந்து உக்காந்தப்பறம்தாங்க சுத்துப்பட்டுப் பொம்பளைங்க வாயைத் திறந்திருப்பாங்க. இதையெல்லாம் ஆம்பிளைங்ககிட்ட யாரு சொல்லுவா?"

"எங்கிட்ட சொல்லலாமே?"

"சொன்னேனே. உங்களுக்குத்தான் சட்னி ஞாபகமா இருந்துச்சு."

* * *

இவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தவன் சறுக்கிய கதையையும் சொல்ல வேண்டும்.

நகைக்கடை காலண்டரில் தேதிகளைக் கணக்குப் போட்டு, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். முன்கூட்டியே தயாராக இருக்கலாம் என்ற நல்ல எண்ணம்தான். கொஞ்ச நாளில் அது ஆயுதமாகிவிட்டது.

கரண்ட் பில் கட்ட மறந்துவிட்டேன். ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நின்றார். சாயங்காலம் மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். நான் பதில் சொல்லவில்லை. மெதுவாகத் திரும்பி காலண்டரைப் பார்த்தேன். "ஓ... இன்னைக்கு இருபத்திரண்டா!" என்று ஒரு புன்னகை வேறு.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "படிங்க."

படித்தேன். மூன்று மாதக் கணக்கு. சிவப்பு வட்டத்துக்குள் வருகிற நாட்களில் இடுப்பு வலி, தூக்கமில்லை, அழுகை எல்லாம் ஒழுங்காக இருந்தன. டாக்டரம்மா சொன்ன மாதிரியே. ஆனால் 'அன்றைக்கு என்ன நடந்தது' என்ற இடத்தில் பார்த்தால், வட்டத்துக்கு வெளியிலும் ஆள் நான்தான். மூணாம் தேதி: 'சிலிண்டர் புக் பண்ணச் சொன்னேன், மறந்துட்டார்.' எட்டாம் தேதி: 'பிள்ளைக்குக் காய்ச்சல். நான்தான் லீவு போட்டேன்.' பதிமூன்று: 'அவர் ஃபிரெண்ட்ஸ் நாலு பேர் திடீர்னு சாப்பிட வந்தாங்க.' பதினாறு: 'ஈரத் துண்டு, கட்டில் மேல.' பத்தொன்பது: 'ஈரத் துண்டு.'

"இந்த வாரம் எனக்குக் கோவம் ஜாஸ்தி வருது, ஒத்துக்கறேன்" என்றாள். "ஆனா காரணம் இந்த வாரம் முளைக்கலைங்க. மாசம் பூரா இருக்கு. மத்த மூணு வாரம் முழுங்கிக்கறேன். இந்த ஒரு வாரம் முழுங்கத் தெம்பு இல்ல. அவ்வளவுதான்."

எங்கள் வீட்டு மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நண்பர்களே, தேதி தெரிந்துகொள்வது நல்லதுதான். களி கிண்டுவதற்கு, வேலையைக் குறைப்பதற்கு, வாயை அடக்குவதற்கு. அவள் சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பதற்கு அந்தத் தேதியைப் பயன்படுத்தினால், 1931-க்கு முந்தைய ஆட்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர்கள் 'திமிர்' என்றார்கள், நாம் 'ஹார்மோன்' என்கிறோம்.

சிவப்பு வட்டம் போட்ட தாள்களைக் கிழித்துப் போட்டேன். இப்போது நோட்டு மட்டும்தான். அதை எழுதுவது அவள். கேட்டால் காட்டுவாள்.

* * *

எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒரு மில்லில் வேலை பார்க்கிறாள். நாங்கள் நோட்டு, களி என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுச் சிரித்தாள். "எங்களுக்கு அந்த ஏழு நாளெல்லாம் கிடையாதுண்ணே. ஷிப்டுதான்" என்றாள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்றால் பெயரும் இல்லாமல், விவரமும் இல்லாமல் ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து மெஷினுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பது வெளியில் வந்தது. உட்கார அரை மணி கிடையாது. மாத்திரை மட்டும் உண்டு. நான் பொட்டலம் வாங்கி வந்த கதைதான் இதுவும். என்ன மருந்து என்று தெரியாது, குடிக்கிறவளிடம் கேட்கவும் இல்லை. என் வீட்டில் "முதல்ல நீங்க குடிங்க" என்று சொல்ல முடிந்தது. சூப்பர்வைசரிடம் யார் சொல்வது?

பீகாரில் 1992-லேயே அரசு வேலையில் இருக்கிற பெண்களுக்கு இதற்காக மாதம் இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். உங்கள் ஆபீசில் லீவு சாங்ஷன் பண்ணும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், பெண் ஊழியர் "உடம்பு சரியில்லை சார்" என்று சொல்லும்போது "என்ன உடம்பு?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடலாம். அதற்குச் சட்டம் வர வேண்டாம்.

இன்னொன்று. சிலருக்கு இது களியிலும் நடையிலும் அடங்காது. அந்த நாட்களில் வேலையே ஓடாமல், வாழ்க்கையே வெறுத்து, 'செத்துப் போகலாமா' என்று தோன்றுகிற அளவுக்குப் போகும். அதற்குத் தனிப் பெயர் உண்டு, நல்ல மருந்தும் உண்டு. அப்போது கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. மகப்பேறு டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ உடனே கூட்டிக்கொண்டு போக வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணி என்றாலும் 14416-க்குப் போன் போடலாம். டெலிமானஸ் என்ற அரசாங்க சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

* * *

இதையெல்லாம் எழுதட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா ஈரத் துண்டையும் சேர்த்து எழுதணும்" என்றாள். எழுதிவிட்டேன்.

இப்போது அந்த வாரத்தில் காலை டிபன் என் டிபார்ட்மெண்ட். இடுப்பு வலி முழுசாகப் போய்விடவில்லை. அழுகை குறைந்திருக்கிறது. அதற்குக் கேப்பையா, நடையா, டாக்டரம்மா கொடுத்த மருந்தா, நான் கழுவின பாத்திரமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

போன வாரம் காலை ஐந்தரைக்கு எழுந்து, தேங்காய் துருவி, மிக்சியில் அடித்து, கறிவேப்பிலை தாளித்து, ஆசை ஆசையாகத் தட்டில் வைத்தேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சட்னில உப்பு கம்மியோ?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மனைவி மெதுவாகத் திரும்பி காலண்டரைப் பார்த்தாள்.

"ஓ... இன்னைக்கு இருபத்தேழா! மாசக் கடைசி... பாவம்!"